எட்டு மணிக்குப் பிறகு திருகோணமலை

முதல் நாள்

கொழும்பில் என்னோடு வேலை செய்கிறவர்களுக்குத் திருகோணமலை என்றால் கோணேசர் கோயில், புறாமலை, நிலாவெளியில் கடல் தெரிகிற ஒரு ஹோட்டல் அறை, அவ்வளவுதான். "இரவில என்ன செய்வீங்க அங்க?" என்று போன மாதம் ஒருத்தி கேட்டாள். நான் வாயைத் திறக்க முதலே "எட்டு மணிக்கு ஊரே படுத்திடும் என்ன" என்று பதிலையும் அவளே சொல்லிவிட்டாள். அந்தக் கோபத்தில் எடுத்த லீவு இது. ஐந்து நாள். பகலில் எங்கேயும் போவதில்லை, இரவில் மட்டும் ஊர் சுற்றி அன்றன்றைக்கே எழுதிப் போடுவது என்று முடிவு. சொந்த ஊருக்குப் பயணக் கட்டுரை எழுதுகிற ஆட்கள் வேறும் இருப்பார்கள், ஆனால் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் அம்மாவிடம் அனுமதி கேட்டு எழுதுகிற ஆள் அநேகமாக நான் மட்டும்தான்.

இரவு ரயிலில் வந்தேன். மட்டக்களப்புப் பாதையும் எங்கள் பாதையும் பிரிகிற கல்ஓயாச் சந்தியில் எனக்கு எப்போதும் விழிப்பு வந்துவிடும், நித்திரையிலேயே மட்டக்களப்புக்குப் போய் இறங்கிவிடுவேனோ என்ற சின்ன வயதுப் பயம் இன்னும் விடவில்லை. பிறகு கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா. வீட்டுக்கு வந்தால் நவராத்திரி, முழுக்கச் சைவம். நான் மீன் சாப்பிடத்தான் ஊருக்கு வருகிறேன் என்பதை அம்மா வேண்டுமென்றே மறந்துவிட்டார்.

அம்மாவின் நிபந்தனை ஒன்றுதான்: தம்பி கூட வர வேண்டும். தம்பிக்கு இருபத்திரண்டு வயது, போன் திருத்துகிற கடையில் வேலை, என்னைவிட அரையடி உயரம், பேச்சு குறைவு. மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான்.

பின்னேரம் டச்சுக்குடாக் கடற்கரை. கிழக்கே பார்த்த கடல் என்பதால் இங்கே சூரியன் விழுவதைப் பார்க்க முடியாது, அது நமக்குப் பின்னால் உட்துறைமுகப் பக்கம் எங்கேயோ விழுந்துவிடும், கடல் மட்டும் மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாகும். கச்சான் கடலை விற்கிறவர்கள், இறால் வடை, பட்டம் விடுகிற பிள்ளைகள், பிரெட்ரிக் கோட்டையிலிருந்து இறங்கி வந்து யாருக்கும் பயப்படாமல் குப்பையைக் கிண்டுகிற மான்கள். வெளியூர்க்காரர் மானோடு படம் எடுப்பார்கள், ஊர்க்காரர் கச்சான் சரையை மானிடமிருந்து ஒளிப்பார்கள். ஆளை அடையாளம் காண இதுவே போதும்.

இருட்டிய பிறகு மதிலடியில் நாலைந்து பெடியன்கள் ஒரு கிற்றாரோடு வந்து குந்தினார்கள். ஒரு தந்தி இல்லை. இல்லாத தந்தியைச் சமாளித்து வாசிக்கிற விதத்தைப் பார்த்தால் அது நெடுநாளாகவே இல்லை என்று விளங்கியது. மேலே சுவாமி மலையில் கோணேசர் கோயில் விளக்கு. அந்த மலையைப் பற்றி ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் ஒரு பதிகம் பாடினார், அதுவும் இங்கே வராமல் இராமேஸ்வரத்துக் கரையில் நின்றபடி பாடினார் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். பத்து வயதில் எனக்கு அது பெரிய ஏமாற்றம், வந்து பார்க்காமல் எப்படி எழுதலாம் என்று. போர்த்துக்கேயர் 1620களில் அந்தக் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கடலுக்கடியில் முக்குளித்துப் பழைய தூண்களைக் கண்டார்கள். இப்போதிருக்கும் கோயிலுக்குக் குடமுழுக்கு 1963இல். மதிலடிப் பெடியன்களுக்கு இதெல்லாம் தெரியும், ஆனால் அவர்கள் பாடியது சினிமாப் பாட்டு, அதுவும் பிழையான சுருதியில். எனக்குப் பிடித்திருந்தது.

வருகிற வழியில் கடையொன்றில் பொரித்த மீனும் ரொட்டியும் சாப்பிட்டேன். தம்பி பிளேன்ரீ மட்டும் குடித்தான். வயிறு சரியில்லையாம். பத்து மணிக்கு என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு "இஞ்ச ஒருக்கா போயிட்டு வாறன்" என்று போனவன் வந்து கதவைத் தட்டும்போது இரண்டு மணி.

இரண்டாம் நாள்

உப்புவெளி.

டவுனிலிருந்து ஆறு கிலோமீற்றர் வராது, ஆனால் நாங்கள் பள்ளியில் படித்த காலத்தில் அது வேறு நாடு மாதிரி. நிலாவெளி வீதியில் யுத்த மயானத்தைத் தாண்டும்போது தம்பி வழமைபோல ஹோர்ன் அடிக்காமல் போனான். இரண்டாம் உலகப் போரில் செத்தவர்கள் அங்கே வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் குண்டு போட்டதை அம்மம்மாவின் அம்மா பார்த்திருக்கிறாவாம். சின்ன வயதில் கரண்ட் போனால் எங்கள் வீட்டில் பேய்க்கதைக்குப் பதிலாக அந்தக் கதைதான்.

தென்மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று நின்று, வடகிழக்கு வாடை இன்னும் தொடங்காத நாட்கள். சீசன் முடிகிறது. ஏப்ரல், மேயில் வந்த வெள்ளைக்காரர்களில் கடைசிச் சிலர்தான் மிச்சம், வெறும் கதிரைகள் மணலில் அடுக்கியிருக்கின்றன. ஒரு பாரில் நெருப்பு மூட்டி ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். டிஜே பெடியன் மூதூர்க்காரன், கம்ப்யூட்டர் படித்தவன், சீசனில் இது, மற்ற ஆறு மாதம் அண்ணனின் ஹார்ட்வெயார் கடை. பச்சை குத்துகிற ஒருவன் இருந்தான், அவன் கையில் அவனே குத்திப் பழகிய பிழைகள் நிறைய. போனில் தாளத்தை ஓடவிட்டுத் தமிழில் ராப் சொல்கிற ஒருவன், எங்கள் பள்ளிக்குப் பக்கத்துத் தெரு. அவன் எழுதியதில் பாதி காதல், பாதி வெளிநாடு போன அண்ணன்மாரைப் பற்றியது. இரண்டாவது பாதி நன்றாகவே இருந்தது, முதல் பாதியை யாரும் எழுதலாம் என்று அவனிடமே சொன்னேன், கொஞ்சம் முகம் வாடியது, பிறகு சோடா வாங்கித் தந்தான்.

உண்மையைச் சொன்னால் பதினொரு மணி வரைக்கும் எனக்கு அலுப்புத்தான். எல்லாக் கடற்கரையிலும் போடுகிற அதே பாட்டு, யாரோ ஜமேக்காவில் பாடியது. மேசைக்கு ஒரு ஜோடி, ஆளுக்கொரு போன். ஒரு பியரின் விலையைச் சொன்னால் அம்மாவுக்கு நெஞ்சு வலிக்கும். நான் குடித்ததைச் சொன்னாலும் வலிக்கும், நல்ல காலம், அம்மா இதைப் படிப்பதில்லை.

பதினொன்றரைக்கு வெள்ளைக்காரர்கள் படுக்கப் போனார்கள். ஸ்பீக்கரை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் குசினிக்குள்ளிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். கோப்பை கழுவுகிற கந்தளாய்ப் பெடியன், மீன் வெட்டுகிற கிண்ணியா நானா, மட்டக்களப்பிலிருந்து வந்த இரண்டு சமையல்காரர்கள், அறை கூட்டுகிற ஓர் அக்கா. எண்ணெய் வாளியைக் கவிழ்த்து வைத்து நானா தட்டத் தொடங்கினார், றபான் மேளம் பழகிய கை, வாளியில் இவ்வளவு சத்தங்கள் இருப்பது எனக்குத் தெரியாது. கந்தளாய்ப் பெடியன் சிங்களத்தில் பைலா என்கிற துள்ளல் பாட்டொன்றை எடுத்தான், மட்டக்களப்பார் அதற்குள் தமிழில் சொற்களைச் செருகினார்கள், எல்லாம் முதலாளியைப் பற்றிய சொற்கள், இங்கே எழுத முடியாது. அக்கா முதலில் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு நின்றாள், பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு ஆடத் தொடங்கினாள். செருப்பை மணலில் விட்டுவிட்டு நானும் ஆடினேன், மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. ஒரு மணி வரைக்கும் போனது. கொழும்பில் காசு கொடுத்து நுழைகிற இடங்களில் எனக்கு ஒருநாளும் கால் எழும்பியதில்லை.

சரி, தம்பி? பத்து மணிக்கே "அக்கா, பன்னெண்டரைக்கு வந்து ஏத்துறன்" என்று போய்விட்டான். அவர்கள் கொடுத்த கோழிக் கொத்து ரொட்டியைத் தொடவும் இல்லை. யாரோ ஒரு பெட்டை இருக்கிறாள் என்று நினைக்கிறேன். காதல் வந்தால் பெடியன்களுக்குப் பசி எடுக்காதாம்.

மூன்றாம் நாள்

இன்றைக்கு ஒரு கவிதை வாசிப்பு இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு டியூஷன் கொட்டகையில் ஆறரைக்கு என்று செய்தி அனுப்பியிருந்தார்கள், போனால் கொட்டகை பூட்டு, திறப்பு வைத்திருக்கிறவர் கலியாண வீட்டில், போன் எடுக்கவில்லை. மழை வேறு. இடி, மின்னல், பிறகு கரண்டும் போனது. ஐந்து பேர் பக்கத்துத் தேநீர்க் கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். கடைக்காரர் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்து "வாசிக்கிறதெண்டா இஞ்ச வாசியுங்கோ, ஆனா ரீ குடிக்கோணும்" என்றார்.

வாசித்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கவிதை நீளம், மழையைவிட நீளம். பல்கலைக்கழகப் பிள்ளை ஒருத்தி எட்டு வரியில் தன் அப்பாவின் வலையைப் பற்றி எழுதியிருந்தாள், அதைக் கேட்டுக் கடைக்காரர் ரீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

பிறகு கதை கவிஞர் பிரமிள் பக்கம் திரும்பியது. இந்த ஊரில் எழுதுகிற நாலு பேர் கூடினால் அது நடக்கும். தருமு சிவராம் என்ற பெயரிலும் எழுதியவர், 1939இல் இங்கே பிறந்தவர். இருபது வயதுக் காலத்தில் 'எழுத்து' இதழில் எழுதத் தொடங்கி, பிறகு இந்தியாவுக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டார், படம் வரைந்தார், களிமண்ணில் சிற்பம் செய்தார், எண்சாத்திரம் பார்த்துத் தன் பெயரைத் திரும்பத் திரும்ப மாற்றினார், ஆட்களோடு சண்டை பிடித்தார், 1997இல் வேலூருக்குப் பக்கத்தில் கரடிக்குடியில் செத்துப் போனார். நான் பள்ளியில் படித்த அவ்வளவு வருடமும் அந்தப் பெயரை எனக்கு யாரும் சொல்லவில்லை. கொழும்பில் ஒரு புத்தகக் கடையில், சென்னையில் அச்சடித்த புத்தகத்தின் பின்னட்டையில்தான் 'திருகோணமலை' என்ற சொல்லைப் பார்த்தேன், கடையிலேயே நின்று வாசித்தேன், பஸ்ஸை விட்டேன்.

இது பழைய வியாதி என்றார் ஆசிரியர். 1895இல் 'மோகனாங்கி'யை எழுதிய சரவணமுத்துப்பிள்ளை இந்த ஊர்க்காரர், தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்வார்கள், அவரும் சென்னைக்குப் போய் அங்கேதான் எழுதினார். "இருந்து எழுதின ஆக்களும் இருக்கினம் சேர்" என்றாள் அந்தப் பிள்ளை. மூதூர் வ. அ. இராசரத்தினத்தைச் சொன்னாள். 'தோணி' சிறுகதை எழுதியவர், மூதூரிலேயே ஆசிரியராக இருந்தார். "ஓம், இருந்தவை இருந்தவைதான், நான் மற்றாக்களைச் சொல்றன்" என்று ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் ரீயைப் பார்த்தேன்.

ஒன்பதரைக்குக் கரண்ட் வந்தது. வெளிச்சத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது, கலைந்தோம்.

நான்காம் நாள்

பாலையூற்று. என்னோடு படித்த சிநேகிதியின் வீடு, போர்த்துக்கேயர் வழி வந்த பறங்கியர் குடும்பம். அவளுடைய அப்பப்பா தச்சர், எண்பதைத் தாண்டியவர், வயலின் வாசிப்பார். "பிடில்" என்றுதான் சொல்வார்.

போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டிப் பதினைந்து, இருபது வருடம்கூட நிலைக்கவில்லை, 1639இல் ஒல்லாந்தர் பிடுங்கிக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் விட்டுப்போன பாஷை இன்னும் இந்த வீட்டுக் குசினியில் இருக்கிறது, மட்டக்களப்பிலும் இருக்கிறது, வேறெங்கும் இப்படிக் கேட்பது கஷ்டம். அதுவும் அப்பப்பாவும் அம்மம்மாவும் சண்டை பிடிக்கிறபோதுதான் முழுதாக வருகிறது. சிநேகிதிக்கு விளங்கும், பேச வராது. அவளுடைய பிள்ளைக்கு விளங்கவும் விளங்காது, அது யூடியூப் ஆங்கிலம் பேசுகிறது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு முற்றத்தில் கதிரை போட்டார்கள். பக்கத்து வீட்டு அங்கிள் மண்டலினோடு வந்தார், சிநேகிதியின் அண்ணன் றபானா எடுத்தான், கிழவர் பிடிலைத் தோளில் வைக்காமல் நெஞ்சில் வைத்து வாசித்தார். கஃப்ரிஞ்ஞா, பறங்கியரின் ஆட்டப் பாட்டு. மூன்று மூன்றாகத் துள்ளுகிற அந்தத் தாளத்தைக் கேட்டதும் உப்புவெளி வாளி ஞாபகம் வந்தது. 1940களில் வாலி பஸ்தியன் என்ற பொலிஸ்காரர் இந்தத் தாளத்தில்தான் சிங்களச் சொற்களைப் போட்டுப் பைலாவைப் பிரபலப்படுத்தினார். முந்தாநாள் ஆடிய ஆட்டத்தின் பாட்டன் இந்த முற்றத்தில் பெனியனோடு இருக்கிறார்.

இங்கே ஒரு விஷயம், யாராவது கேட்பதற்கு முன்னால் நானே கேட்கிறேன். கோணேசர் கோயிலை இடித்தவர்களின் பாட்டுக்கு இந்த ஊர்ப் பிள்ளை கால் தட்டலாமா? நான் யோசித்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கிழவர் எங்கள் வீட்டுச் சாமி அறைக்குக் கதவு செய்து தந்தவர். தேக்கு. மழைக்காலத்தில்கூட இறுகாது. யோசித்து முடிய முதலே கால் தட்டிக்கொண்டிருந்தது.

ஒரு பாட்டு மட்டும் மெதுவானது. அதைப் பாடும்போது கிழவர் கண்ணை மூடினார். என்ன சொல்கிறது என்று கேட்டேன். "பொம்பிளை ஒருத்தி கடலைப் பாத்துக்கொண்டு நிக்கிறா மகள்," என்றார், "மிச்சம் எனக்கும் மறந்து போச்சு."

பாயாசமும் ஒரு துளி சாராயமும் வந்தன. தம்பிக்கும் நீட்டினார்கள், இரண்டு கையாலும் கும்பிட்டு வேண்டாம் என்றான். பத்து மணிக்கு எழும்பினான். "நீ போ, நான் இவையோட படுக்கிறன்" என்றேன். கொஞ்சம் சந்தோஷமாகவே போனான். அந்தப் பெட்டை அதிர்ஷ்டக்காரி.

ஐந்தாம் நாள்

இதை ரயிலில் இருந்து எழுதுகிறேன். இரண்டு நாளாக நித்திரை இல்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று விஜயதசமி. எங்கள் ஊர் நவராத்திரிக்கு ஒரு தனிப் பழக்கம் உண்டு, கும்பவிழா. ஒவ்வொரு குறிச்சியிலும் தெருவோரம் ஒரு கொட்டில் போட்டு, வெள்ளை கட்டி, உள்ளே கும்பம் வைப்பார்கள், கும்பத்துமால் என்று பெயர். ஐயர் இல்லை, சீட்டு இல்லை, தெருப் பெடியன்களும் தாய்மாரும்தான் எல்லாம். இரவில் உடுக்கடித்துப் பாட்டு. கடைசியில் அந்தக் கும்பங்களைத் தலையில் ஏற்றி, விடியும்வரை ஊர் முழுக்க ஆடிக்கொண்டு போவார்கள். சின்ன வயதில் அப்பாவின் தோளில் இருந்து பார்த்தது. பிறகு பரீட்சை, பிறகு கொழும்பு, ஏழெட்டு வருடமாக இந்த நாளில் நான் ஊரில் இல்லை. இந்த முறையும் திட்டத்தில் இதை நான் ஒரு வரியாகத்தான் எழுதி வைத்திருந்தேன்: 'கடைசி இரவு, கும்பம் பார்ப்பது'.

அம்மா புதுச் சேலை உடுத்து என்னையும் இழுத்துக்கொண்டு பத்திரகாளியம்மன் கோயிலடிக்குப் போனார். அம்மா இரவு பதினொரு மணிக்கு வீட்டைவிட்டு வெளிக்கிட்டதை நான் பார்த்ததே இல்லை. சனம் என்றால் சனம். முதலில் சத்தம் வந்தது, உடுக்கும் பறையும் தூரத்தில், ஒரு பக்கமிருந்து அல்ல, மூன்று பக்கமிருந்தும். பிறகு சாம்பிராணிப் புகை, பிறகு வேப்பிலை மணம். ஒவ்வொரு குறிச்சிக் கும்பமும் சந்திக்கு வர வர மேளக்காரர் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு அடித்தார்கள், இவர்கள் ஏற்ற அவர்கள் ஏற்ற, நடுவில் கும்பம் தூக்கியவன் வேப்பிலைக்குள் முகம் மறைய, கண் செருகி, கால் மட்டும் தாளம் தப்பாமல் ஆடினான். பொம்பிளைகள் குரவை போட்டார்கள். வீட்டு வாசல்களில் நிறைகுடம் வைத்து, கும்பம் தூக்கியவனின் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். மேடை இல்லை, ஒலிவாங்கி இல்லை. ஒரு வங்கியில் வேலை செய்கிற அண்ணா சேட்டில்லாமல் பறை அடித்துக்கொண்டு போனார், அவரிடம் போன வருடம் நான் ஒரு படிவம் நிரப்பினேன்.

மூன்றாவதாக வந்தது எங்கள் குறிச்சிக் கும்பம்.

தூக்கியிருந்தவனின் உயரத்தை முதலில் பார்த்தேன். பிறகு இடது காலை, பந்து விளையாடி முறிந்து கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பிய அந்தக் காலை. அம்மா என் கையைப் பிடித்திருந்த பிடி இறுகியது. "பத்து நாளா விரதம். பழகப் போறன் போறன் எண்டு ஒவ்வொரு இரவும் போனவன்," என்றார். "உனக்குச் சொன்னவன் எண்டெல்லோ நினைச்சன்."

சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த தம்பி கலியாண வீட்டில் ஆடக் கூப்பிட்டால் கக்கூசுக்குள் ஒளிக்கிறவன். தெரு நடுவில் அவன் சுழன்றபோது கும்பத்துத் தண்ணீர் தெறித்து என் முகத்தில் விழுந்தது. அவனுக்கு நான் நிற்பது தெரியாது, யார் நிற்பதும் தெரியாது. உடுக்கடித்த கிழவர் அவன் முகத்துக்கு நேரே பின்பக்கமாக நடந்தபடி பாடினார், இவன் அந்தப் பாட்டை மிதித்து மிதித்து முன்னுக்கு வந்தான். மாறி மாறித் தூக்க ஆள் நின்றார்கள், ஆனால் சந்தி தாண்டும்வரை இவன் கொடுக்கவில்லை. நானும் அம்மாவும் பின்னால் நடந்தோம், எத்தனை தெரு என்று தெரியாது, எங்கேயோ என் செருப்பு ஒன்று போனது. மற்றதையும் கழற்றி ஒரு மதிலில் வைத்தேன். நாலரை மணிக்குத் தேநீர்க் கடைகள் திறந்துதான் இருந்தன, அவை பூட்டவே இல்லை. மூன்றாம் நாள் ஆசிரியர் ஒரு கடைக்குள் இருந்து கையைக் காட்டினார்.

பகல் முழுக்க அவன் நித்திரை. உள்ளங்கால் இரண்டிலும் கொப்பளம். எழுப்பாதே என்று அம்மா சொன்னார், பின்னேரம் நான் ஓட்டோ பிடித்து ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். ரயில் வெளிக்கிடப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆள் நொண்டி நொண்டி வந்தான், கையில் பொரித்த மீன் பார்சல், காதுக்குப் பின்னால் ஒரு வேப்பிலை ஒட்டியிருந்தது.

"வீடியோ எடுத்தனியே?" என்றான்.

போனைத் தேடினேன். முதலாவது கும்பம் வரும்போது எடுத்த பதினேழு செக்கன், அதில் முக்கால்வாசி அம்மாவின் தோள்.

"என்ர ஒண்டும் எடுக்கேல்லையா?"

"இல்லை."

பார்சலைப் பிடுங்கிக்கொண்டான். பிறகு, ரயில் அசையத் தொடங்கிய பிறகு, ஜன்னலால் உள்ளே எறிந்தான்.